மாப்பிள்ளையோடு மாற்றிக்கொண்ட வண்டி

வண்டியை மாற்றிக்கொள்ள அரை மணி நேரம் போதும். அதன் வரியையும் பேரையும் மாற்றிக்கொள்ளத்தான் இரண்டு பேருக்கும் ஆயுள் கெட்டியாக இருக்க வேண்டும்.

காரைக்காலில் வண்டிக்கு வண்டி மாற்றிவிடுவது என் தொழில். உங்களுக்கு உங்கள் கார் அலுத்துப்போயிருக்கும். இன்னொருவருக்கு அவருடைய கார் அலுத்துப்போயிருக்கும். இரண்டு பேரையும் ஒரு டீக்கடையில் உட்கார வைத்துச் சாவியை மாற்றச் சொல்வேன். அதற்குப் பிறகு பேப்பர் வேலை முழுக்க என்னுடையது. நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆனால் எந்தப் பாரத்தில் எந்த மூலையில் யார் கையெழுத்து என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

எங்கள் ஊரில் இது கொஞ்சம் கூடுதல் கஷ்டம். இந்தப் பக்கம் புதுச்சேரி வரி. வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாட்டு வரி. வண்டி எந்தப் பக்கம் போய்த் தங்குகிறதோ அந்தப் பக்கத்து வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். பழைய பக்கத்தில் கட்டியதில் மிச்சம் இருந்தால் எழுதிப் போட்டுத் திருப்பிக் கேட்க வேண்டும். அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். அந்த ஆபீஸ் வாசலில் செருப்பு தேய்ந்த எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரிதான்.

இத்தனை பேருக்குச் செய்து கொடுத்த நான், என் தங்கை வசந்தாவின் வீட்டுக்காரரோடு நானே மாற்றிக்கொண்ட வண்டிக்கு மட்டும் பதினோரு வருஷம் பேர் மாற்றவில்லை. அதில் போனது வரி மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தங்கையும் போய்விட்டாள், பேச்சுவார்த்தை இல்லாமல்.

சாவி மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

வசந்தாவைக் கொடுத்தது நாகூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். மாப்பிள்ளை கோவிந்தராசு அங்கே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வயலில் இருந்து பம்புசெட் மோட்டாரைத் தூக்கிவர அவருக்கு ஒரு வேன் தேவைப்பட்டது. என்னிடம் சின்ன வேன் ஒன்று இருந்தது, காரைக்கால் பதிவு. அதில் ஏறினால் என் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவரிடம் இருந்தது டீசல் கார், தமிழ்நாட்டுப் பதிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று சாவியை மாற்றிக்கொண்டோம். வசந்தாதான் இரண்டு வண்டிச் சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

நான் பையில் இருந்து இருபத்தொன்பதையும் முப்பதையும் எடுத்தேன். கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடுகிற பாரங்களை எங்கள் தொழிலில் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவோம். மாப்பிள்ளை அவற்றைத் தொடக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார். அவர் சொன்னது எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"அட, உள்ள வைங்க மச்சான். ஒங்களுக்கும் எனக்கும் நடுவுல இருபத்தொம்பது முப்பது என்னத்துக்கு?"

கிளிஞ்சல்மேட்டுக்காரர் கேட்டது

ஆறு மாதம் போயிருக்கும். கிளிஞ்சல்மேட்டில் மீன்பிடிக்க ஃபைபர் படகு வைத்திருக்கும் முருகையன் என்பவர் தன் பழைய ஜீப்பைக் கொடுத்து நாகூர் வியாபாரி ஒருவரின் காரை வாங்கியிருந்தார். அவரை உட்கார வைத்து, அங்கே போய் வண்டியை மாற்ற ஆட்சேபணை இல்லை என்கிற என்.ஓ.சி. தாள் வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் புது நம்பர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது மாப்பிள்ளையின் போன் வந்தது.

"வேனைப் புடிச்சிட்டாங்க மச்சான். புதுச்சேரி நம்பர் வண்டி மாசக்கணக்கா இங்கயே ஓடுதாம், வரியும் அபராதமும் கட்டச் சொல்றாங்க. வண்டி ஒங்க பேர்லதான இருக்கு, நீங்க வந்து கட்டுங்க."

"ஓட்டுறவங்கதான் கட்டணும் மாப்பிள்ளை. ஊருக்கெல்லாம் அப்படித்தான்."

"சாவி கொடுக்கும்போது இதை நீங்க சொல்லலியே?"

"ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் சொன்னதில் இன்றைக்கும் ஒரு எழுத்துத் தப்பில்லை. எந்த ஆபீஸில் போய்க் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். முருகையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கடல்லயும் கோடு போட்டுட்டாங்க, ரோட்லயும் கோடு போட்டுட்டாங்க. நீங்க வூட்டுக்குள்ளயே போட்டுட்டீங்களாண்ணே?"

சுரக்குடி பந்தியில்

எங்கள் சின்ன மாமாவின் பேத்திக்குச் சுரக்குடியில் காதுகுத்து. பந்தியில் எனக்கு நேரெதிரில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அந்த அபராதத்தை அவரே கட்டிவிட்டார் என்று வசந்தா சொல்லியிருந்தாள். சரி, நாமே முதலில் பேசுவோம் என்று, "வேன் எப்படி ஓடுது மாப்பிள்ளை?" என்றேன். குத்தலாகக் கேட்டேன் என்று பிற்பாடு சொன்னார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை.

அவர் சொன்ன பதிலுக்குப் பந்தியில் மூன்று பேர் சிரித்தார்கள். அந்த மூன்று பேர் வீட்டு விசேஷத்துக்கும் அதற்கப்புறம் நான் போனதில்லை. இலையில் சோறு இருக்க எழுந்துவிட்டேன். கை கழுவுகிற இடத்தில் வசந்தா என் பின்னாலேயே ஓடிவந்தாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"வேனு நல்லாத்தான் ஓடுது. தரகு வேலைய ஒங்க தங்கச்சி வீட்லயும் காட்டுவீங்கன்னுதான் நெனச்சுப் பாக்கல."

இரண்டு நோட்டீஸ்

வேன் என் பேரில் இருந்ததால் அதற்கு வரி கேட்டு நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்தது. கார் அவர் பேரில் இருந்ததால் அதற்கான நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போனது. அவர் கட்ட வேண்டியது என்னிடம், நான் கட்ட வேண்டியது அவரிடம். நான் அனுப்பவில்லை. அவரும் அனுப்பவில்லை. நான் காரை ஊருக்குள் மட்டும் ஓட்டினேன். அவர் வேனைக் கடைக்கும் வயலுக்கும் மட்டும் ஓட்டினார். இப்படியே வருஷங்கள் போயின.

ஒருநாள் வசந்தா தனியாக பஸ் ஏறி வந்தாள். மஞ்சப் பையில் எனக்கு வர வேண்டிய நோட்டீஸ்களை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். இருபத்தொன்பதையும் முப்பதையும் கொடுங்கள், நானே அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன் என்றாள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள் என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. என் மனைவி எனக்கு ஜாடை காட்டிக்கொண்டே இருந்தாள். நான், "நாலு பேருக்கு முன்னால பேசுன மனுசன் நேர்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். வசந்தா காப்பியைக் குடிக்கவில்லை. பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அதுதான் அவள் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

"நான் வந்தது பத்தாதாண்ணே? நான் ஒனக்குத் தங்கச்சியா, இல்ல தபால்காரியா?"

சொல்தா ஐயாவின் அவசரம்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். அப்படி ஒருவர், எண்பது வயதுக்காரர், பிரான்சில் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். போகிறதுக்கு முன்னால் தன் பெரிய காரைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டு, அவனுடைய சின்னக் காரை இங்கே இருக்கும் மனைவிக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். வரி ரசீது, இன்சூரன்ஸ், பேர் மாற்றம் எல்லாம் டிக்கெட் தேதிக்குள் முடிய வேண்டும் என்று தினமும் என்னை நச்சரித்தார்.

"தம்பி மகன்தானே ஐயா, நீங்க போன பொறவு நான் மெதுவா பாத்துக்கறேன்" என்றேன். எங்கள் கதை அவருக்கு எப்படித் தெரியுமோ, இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது. பையில் இருந்து ஒரு பிரெஞ்சுத் தாளை எடுத்துக் காட்டினார். பென்ஷன் நிற்காமல் வருவதற்கு வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று அதில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

"உசுரோட இருக்கேன்னு காயிதத்துல எழுதிக் கொடுத்துதான் நான் சாப்புடுறேன். ஒங்க மாப்பிள்ளை உசுரோட இருக்கறப்பவே போயி ஒரு கையெழுத்து வாங்குங்க, போங்க."

நம்பர் அவர் போனுக்குப் போகும்

அவர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. அதோடு டீசல் காருக்குப் பதினைந்து வயது முடிய இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. ஆர்.சி.யைப் புதுப்பிக்காவிட்டால் வண்டி வாசலிலேயே கிடக்க வேண்டியதுதான். சரி, முதல் வேலையாக என்.ஓ.சி.க்கு எழுதிப் போடுவோம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுமதியிடம் போனேன். இப்போது எல்லாம் ஆன்லைன். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் போனுக்கு ஆறு இலக்க நம்பர் ஒன்று போகும். அதைக் கேட்டுப் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

சுமதி பட்டனை அழுத்தினார். நம்பர் மாப்பிள்ளையின் போனுக்குப் போய்விட்டது. என் சட்டைப் பையில் என் போன் இருந்தது. அவருடைய நம்பர் எனக்கு மனப்பாடம். எடுத்தேன், பார்த்தேன், மறுபடியும் பையில் வைத்தேன். நானாகக் கூப்பிட்டால் பந்தியில் அவர் பேசியது சரி என்று ஆகிவிடும் போல இருந்தது. மெசேஜைப் பார்த்திருப்பாரே, அவர்தான் கூப்பிடட்டுமே என்று காத்திருந்தேன். அடுத்த வாரம் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். மூன்று தடவையும் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை சுமதி என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"டைம் முடிஞ்சிருச்சு ஐயா. மெஷினு எத்தனை தடவை வேணும்னாலும் அனுப்பும், கேக்குறது நீங்கதான் கேக்கணும்."

முப்பத்தொன்று

அடுத்த மாதமே, கடையில் மோட்டாரைத் தூக்கி மேஜையில் வைத்த மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு அந்த வேனில்தான் ஏற்றியிருக்கிறார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. அண்ணன் முறைக்கு நான் கோடிப் புடவை எடுத்துக்கொண்டு போனேன். வசந்தா தலை குனிந்தபடி வாங்கிக்கொண்டாள். யார் கொடுக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்து அவளே போன் செய்தாள். வேன் என் பேரில் இருக்கிறது, அதை அவள் பேருக்கு மாற்ற என் கையெழுத்து வேண்டும். இறந்தவர் பேரில் இருக்கும் டீசல் காருக்கு அவள் கையெழுத்து வேண்டும். முதலில் வாரிசுக்கு மாற்றுகிற முப்பத்தொன்றாம் பாரம் போட்டு அவர் பேரில் இருந்து அவள் பேருக்கு மாற்றி, அப்புறம் அவள் பேரில் இருந்து என் பேருக்கு மாற்ற வேண்டும். "வீட்டுக்கு வா" என்றேன். வேண்டாம் என்று சொல்லி சுமதியின் கடைக்கு வந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் போட்டுக் கொடுப்பேன். 'இறந்த உரிமையாளர் பெயர்' என்ற இடத்தில் கோவிந்தராசு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் பேனாவை வாங்கி எழுதினாள்.

எல்லாம் முடிந்து தாள்களை அடுக்கும்போது, இத்தனை வருஷம் எனக்குள் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "கடைசி வரைக்கும் எம்மேல கோவமாத்தான் இருந்தாராம்மா?" வசந்தா பையை மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"கோவந்தான். ஆனா அந்த நம்பரு வந்த மூணு நாளும், 'ஒங்கண்ணன் கூப்புடுவாரு, நம்பர சொல்லணும்'னு, கடைக்குப் போவாம போனை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. மூணாவது தடவ நம்பரு மறந்துறக் கூடாதுன்னு செவுத்துலயே எழுதி வச்சாரு, இன்னும் அழிக்கல."

இப்போது இரண்டு வண்டிக்கும் பேர் மாறி, வரியும் கட்டியாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்தப் பாக்கியும் இல்லாமல் இருப்பது அந்த இரண்டு வண்டிகள் மட்டும்தான்.