கேட்காமல் எதையும் எறியாத பக்ருதீன்

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார் பக்ருதீன். எந்தக் கம்ப்யூட்டரையும் முதல் ஐந்து நிமிடம் அவர் தொடுவதில்லை. "நீ தெனம் எப்டி மூடுவியோ அப்டியே மூடுக்கா. நான் சும்மா பாத்துகினு கீறேன்" என்றார். பிலோமி, திரையின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். மெயில் வெளுத்தது, ஒரு நிமிடம் செத்த மீன் மாதிரி கிடந்தது, பிறகு ஏதோ பிழை என்று ஒரு கட்டம் வந்து நின்றது.

"தொறக்க சொல்லோ நல்லாத்தான் தொறக்குது பாய். மூட சொல்லோதான் பேஜாரு பண்ணுது."

இராயபுரத்தில், கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் சின்ன ஏஜென்சி ஒன்றின் மாடி அறை அது. கடலுக்குப் போகிறவர்களின் சேதியும் சான்றிதழும் பதினான்கு வருடமாகப் பிலோமியின் கை வழியாகத்தான் போய்வருகின்றன. இங்கிருந்து மணலி புதுநகர் வரை இப்படி முப்பது நாற்பது அலுவலகங்கள் பக்ருதீனின் புண்ணியத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உப்புக்காற்று அரித்த கேபிள், லாரிப் புழுதி அடைத்த மின்விசிறி என்று எதற்கும் அவர்தான். வந்ததும் டீ கொடுப்பார்கள். அதை ஆறவிட்டு, போகும்போது ஒரே மடக்கில் குடிப்பார். சூடாக அவர் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை.

தொழில் கற்றது கல்லூரியில் அல்ல, சீரியல் செட் பல்புகளில். வாலிபத்தில் தர்கா கந்தூரிக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் பல்புச்சரம் கட்டியவர். சரம் அணைந்தால் பாதியைத் தனியாகப் பிரித்து எரியவிட்டுப் பார்ப்பார். எரிகிற பாதியை விட்டுவிட்டு, எரியாததில் மறுபடி பாதி. நூறு பல்பில் கெட்டது எது என்று ஏழாவது தடவைக்குள் சிக்கிவிடும். கம்ப்யூட்டரிலும் அதே வித்தைதான். மெயிலோடு ஒட்டிக்கொண்டிருந்த குட்டி புரோகிராம்களில் பாதியை நிறுத்தி மூடச் சொன்னார். மெயில் அதே பிழையோடு விழுந்தது. மீதியையும் நிறுத்தினார். அப்போதும் விழுந்தது.

"இவனுங்க மேல தப்பு இல்லக்கா. அநியாயமா சந்தேகப்பட்டுட்டேன்" என்று வருத்தத்தோடு எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டார். "எப்பலேர்ந்து இப்டி?"

"மூணு வாரமா. மெசினு ஸ்லோவா கீதுன்னு ஒர்த்தன் வந்து இன்னாவோ பண்ணிட்டுப் போனான். அதுலேர்ந்து."

பக்ருதீன் செட்டிங்ஸைத் திறந்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். மூடும்போது குப்பைத்தொட்டியைத் தானாகக் காலி செய்யச் சொல்லும் வரிக்கு எதிரே, வந்தவன் போட்டுவிட்டுப் போன ஒரு டிக் இருந்தது. தொட்டியைத் திறந்தால் பதினோராயிரத்துச் சொச்சம் மெயில்கள். ஒவ்வொரு மாலையும் அத்தனையையும் ஒரே வாயில் விழுங்கப் பார்த்துத்தான் அது விக்கிக்கொண்டு விழுந்திருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே தொட்டியைக் கொட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று கிளம்பியிருப்பார்கள். பக்ருதீனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. அடுத்தவர் இடத்தில் செத்த பல்பைக்கூடக் கேட்காமல் எறியமாட்டார். விம்கோ நகரில் ஒருமுறை, உடைந்த கீபோர்டை எறியலாமா என்று கேட்பதற்காக, அதன் சொந்தக்காரர் ஊரிலிருந்து வரும்வரை நான்கு நாள் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தாராம். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை.

"இந்தத் தொட்டிய காலி பண்ணிடவாக்கா?"

பிலோமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "அய்யய்யோ பாய், அதுலதான எல்லாமே கீது!"

பதில் போட்டு முடித்த மெயிலையெல்லாம் டெலீட் பண்ணி அந்தத் தொட்டியில் தள்ளுவது பிலோமியின் வழக்கம். முன்பக்கம் சுத்தமாக இருக்கும், வேண்டும்போது தொட்டிக்குள் போய்த் தேடிக்கொள்ளலாம். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் தானாகக் கண்டுபிடித்த வழி. தப்பு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எந்தப் பையன் எத்தனை நாள் கடலில் இருந்தான் என்று கேப்டன்கள் எழுதிய மெயில்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன.

"காலடிப்பேட்ட பிராங்கிளின் திங்கக்கெழம ஆபீசர் பரிச்சைக்குப் பேப்பரு காட்டணும் பாய். அவன் வெச்சிருந்தது வெள்ளத்துல பூட்ச்சி. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல, கப்பலையும் ஒடச்சி வித்துட்டானுங்க. பத்து மாசம் கடல்ல கெடந்தான்றதுக்கு இந்த ஒரு மெயிலுதான் சாட்சி."

பக்ருதீன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்போ இது தெனம் வுழுந்து வுழுந்து உன்ன காப்பாத்திகினு இருந்துக்குதுக்கா. ஒரே ஒரு நாளு ஒயுங்கா மூடியிருந்தா எல்லாம் பூட்டிருக்கும்."

மூன்று வாரமாகத் தான் திட்டித் தீர்த்த அந்தப் பெட்டியைப் பிலோமி கூச்சத்தோடு பார்த்தார்.

பிறகு பக்ருதீன் டிக்கை எடுத்தார். புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு எல்லா மெயிலையும் அதற்கு மாற்றினார், பென்டிரைவில் ஒரு நகலும் எடுத்தார். பிராங்கிளினின் மெயிலைத் தேடிப் பிடித்து பிரிண்ட் கொடுத்தால் எழுத்து மங்கலாக வந்தது. கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் குலுக்கினார். இரண்டாவது தாள் பளிச்சென்று வந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றாறு நாட்கள், கீழே கேப்டனின் பெயர்.

"இப்ப மூடுக்கா."

"வேணாம் பாய். இப்டியே கெடக்கட்டும்."

"மூடு. நான் கீறேன்ல."

பிலோமி கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார். சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. உடனே மெயிலைத் திரும்பத் திறந்து பார்த்தார். பதினோராயிரத்துச் சொச்சமும் அப்படியே இருந்தன, பிராங்கிளினுடையதும் இருந்தது. மூச்சு வந்தது அவருக்கு.

பையை எடுக்க நீண்ட பக்ருதீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்ய, வுடுக்கா. கையெல்லாம் மையி, கலீஜா கீது."

பிலோமி விடவில்லை. கார்ட்ரிட்ஜ் கரி அப்பியிருந்த அந்தக் கையை இழுத்து, தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.