மதிலடியில் நின்ற கறிவேப்பிலை

மதிலை உடைத்த அன்று நின்றவர்கள்: நான். என் மனைவி. மேல்மாடியில் இருக்கும் சோமாலிக்கார அம்மா. வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து வந்த பெண். மெஷின் ஓட்டுபவன். பிறகு, தூசிக்குள்ளால் வந்த ஒருத்தி.

நாங்கள் மெல்பேர்னில் அரசாங்க ஃபிளாட்ஸில் இருக்கிறோம். சோமாலியர், சூடானியர், வியட்நாம்காரர், நாங்கள். ஃபிளாட்ஸின் பாதிக் காணியை விற்றார்கள். அதில் விலைகூடிய வீடுகள் எழும்பின. நடுவில் தோட்டம் வரும், இரண்டு பக்கத்துக்கும் பொது என்று படம் காட்டினார்கள். தோட்டம் வந்தது. மதிலும் வந்தது. தோட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது.

"எங்கள் முகம் தெரிந்தால் அந்த வீடுகள் விலைபோகாதாம்" என்றார் சோமாலிக்கார அம்மா. நிறம் என்று ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை.

எனக்கு மதில் புதிதில்லை. ஊரில் கோயில் கிணற்றைச் சுற்றி ஒன்று இருந்தது. எங்களை உள்ளே விடமாட்டார்கள். கட்டியவர்களும் தமிழர்தான். அதனால் இதைக் கண்டு நான் கத்தவில்லை. வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். இந்த நாட்டில் வெயில் வடக்கே நிற்கும். எங்கள் பக்கம் வடக்கு. செங்கல் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து இரவில் விடும்.

கேரம் டவுன்ஸ் கோயிலில் ஒருத்தியிடம் மனைவி வாங்கிவந்த கறிவேப்பிலைக் கன்றுகள் இரண்டும் சட்டியில் குளிருக்குச் செத்திருந்தன. மூன்றாவதை மதிலோடு ஒட்டி நட்டேன். பிடித்தது. என்னைவிட உயர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் மனைவி அதற்குப் புளித்த மோர் ஊற்றுவாள். கேட்டவருக்கெல்லாம் ஆய்ந்து கொடுப்பாள். சோமாலிக்கார அம்மாவும் சோற்றில் போடப் பழகிவிட்டார்.

மதிலை எடுக்கச் சொல்லி எல்லாருமாகக் கேட்டோம். எல்லாரையும்விடக் கூடுதலாக அலைந்தது என் மனைவிதான். கடைசியில் சரி என்றார்கள். அதற்குப் பிறகுதான் மரம் நினைவுக்கு வந்தது. அத்திவாரத்தைக் கிளப்பினால் மரம் நிற்காது.

அலுவலகப் பெண் நல்ல பிள்ளை. மரம் நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு துண்டு மதிலை விடலாம் என்றாள்.

"விடச் சொல்லு, சிஸ்டர்" என்றார் சோமாலிக்கார அம்மா.

மனைவி இலையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா செய்வம்?"

"உன்ர மரம்" என்றேன்.

"துண்டை விட்டால் நாளைக்கு அதில இருந்து கம்பிவேலி இழுப்பினம். உடைக்கட்டும்."

உடைத்தார்கள். மெஷின் அத்திவாரத்தைக் கிளப்ப, மரமும் சாய்ந்தது. அடி பிளந்துபோனது. மனைவி மண்ணில் குந்தி இலை ஆயத் தொடங்கினாள். நானும் பக்கத்தில் குந்தினேன்.

அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை. எங்கள் நிறம்.

"ஆன்ட்டி, அது கருவேப்பிலையா?"

"ஓம்."

"அப்போ எங்க பக்கம் இருக்கறதெல்லாம் இதோட பிள்ளைங்கதானா!"

மனைவி எழும்பினாள். முழங்கால் வலியைக்கூட மறந்துவிட்டாள். கற்களைத் தாண்டிப் போனோம். பூஞ்செடி வரிசைக்குப் பின்னால், மதில் நிழல் விழுந்த இடத்தில், மெலிந்த கன்றுகள். வேர் அத்திவாரத்துக்குக் கீழால் போய் முளைத்திருக்கிறது.

"தோட்டக்காரன் களைன்னு ரெண்டு தடவை வெட்டிட்டான். மூணாவது தடவை கையெடுத்துக் கும்பிட்டேன். அதுக்கப்புறம் விட்டுட்டான்."

"நான் மோர் ஊத்தி வளர்க்க, நீ சாம்பார் வைச்சிருக்கிறாய். கள்ளி."

அவள் சிரித்தாள். "அதான் ஆன்ட்டி! வெள்ளிக்கிழமை ஆனா புளிச்ச மோர் வாசம் வரும். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, உனக்கு அம்மா ஞாபகம் வந்துடுச்சும்பாரு."

"மோர் மணந்தும் ஒருக்கா எட்டிப் பாக்கேல்லையே, பிள்ளை?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "வீடு வாங்கறப்போ அந்தப் பக்கம் கார் நிறுத்தற இடம்னு சொன்னாங்க."

"அந்தக் கார் நாங்கள்தான்" என்றாள் மனைவி.

முதலில் சிரித்தது அலுவலகப் பெண்ணுக்கு மொழிபெயர்க்கப்போன அவள்தான். பிறகு எல்லாரும் சிரித்தோம். மெஷின்காரன் என்னவென்று கேட்டான். அவனுக்கும் சொன்னோம்.

இப்போது மோர் ஒரு வெள்ளி மனைவி முறை, ஒரு வெள்ளி அவள் முறை. பின்னேரம் தோட்டத்து மரவாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறோம். சோமாலிக்கார அம்மா ஏலக்காய் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார்.

மதில் விழுந்த அன்று அவர்தான், இந்தக் கன்றுகள் தப்புமா என்று என்னைக் கேட்டார். நான் மேலே பார்த்தேன். வடக்கு திறந்து கிடந்தது. கன்றுகளின் மேல் முதல் தடவை நேர் வெயில் விழுந்தது. தப்பும் என்றேன்.

மனைவி குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

பதினான்கு.