ஈ இன்ஸ்பெக்டர்

சாப்பாட்டுக் கடையின் சமையலறை வாசலில் நின்று அவர் ஈக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே இன்னும் காலடி வைக்கவில்லை. கடை முதலாளி, "வாங்க சார், உள்ள வந்து பாருங்க, எல்லாம் கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன்" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து இல்லாத தூசியைத் தட்டுகிறார். இவர் அசைவதில்லை. கழுத்தைச் சற்றே சாய்த்து உத்தரத்தைப் பார்க்கிறார். பிறகு அடுப்புக்குப் பின்னால். பிறகு பாத்திரம் தேய்க்கும் தொட்டிப் பக்கம்.

"அந்தத் தொட்டிக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்களே."

"ஈ அங்கதான் போறதும் வர்றதுமா இருக்கு. வேலை இல்லாம அது போகாதுங்க."

தொட்டிக்குப் பின்னால் முந்தாநாள் எச்சில் வாளி மூடாமல் இருக்கிறது. முதலாளி தலையைச் சொறிகிறார். இவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் குறித்துக்கொள்கிறார். "நாளைக்கு வருவேன்" என்கிறார். சொன்னபடியே மறுநாள் வந்து நிற்பார். அந்தப் பேட்டைக் கடைக்காரர்களுக்கு அவர்மேல் இருக்கும் ஒரே வருத்தம் அதுதான்.

நகராட்சியில் அவருடைய உத்தியோகம் சுகாதார இன்ஸ்பெக்டர். பேட்டையில் ஈ இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரியும். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. ஒடிசலான ஆள். சங்கிலியில் மாட்டாமல் இருக்க வலது கால்சட்டை நுனியை ஒரு நூல்கயிற்றால் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பார். சைக்கிளை விட்டு இறங்கியும் அந்தக் கயிற்றை அவிழ்க்க மறந்துவிடுவார். ஒரு கால் கட்டியும் ஒரு கால் கட்டாமலும் பெரிய மனிதர்களுடைய வரவேற்பறைகளில் அவர் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். யார் வீட்டுக்குள் போனாலும் பேச்சு பேச்சாக இருக்கும்போதே கை தண்ணீர்ப் பானையைத் தேடிப் போகும். திறந்து கிடந்தால் தாமே மூடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

சாக்கடை அடைத்துக்கொண்டு தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும்போது, அவர் மட்டும் அதன் கரையில் குந்தி உட்கார்ந்து, குச்சியால் கிளறியபடி, துப்புரவுத் தொழிலாளியிடம் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டிருப்பார். "என்ன மனுஷன்யா, முகத்தைக்கூடச் சுளிக்கல" என்று ஜனங்கள் அதிசயப்படுவார்கள். நெரிசலான பஸ்ஸில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தால், சிம்மாசனம் கிடைத்தது போல அதில் போய் அமர்ந்துவிடுவார். தொழில் பழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நான் குடியிருந்த இடத்தில் ஒரு முற்றத்தைச் சுற்றிப் பதினொரு குடித்தனங்கள், நடுவில் ஒரு கிணறு, கோடியில் வரிசையாக நான்கு கழிப்பறைகள். அந்த வருஷம் மழை விட்டதும் டைபாய்டு காய்ச்சல் வந்தது. முதலில் மூன்றாம் வீட்டு அண்ணன் தம்பி இருவருக்கும். பிறகு தச்சர் மனைவிக்கு. இரண்டாவது வாரத்தில் அவள் போய்விட்டாள். தச்சர் வாசற்படியில் உட்கார்ந்து, அவள் நனைத்து வைத்திருந்த துணிகளை அப்படியே வாளியோடு மடியில் வைத்துக்கொண்டிருந்தார். யாராலும் அதை வாங்க முடியவில்லை. அடுத்ததாகத் தையல்காரருடைய ஒன்பது வயது மகள் படுத்தாள்.

சுகாதார அதிகாரியான டாக்டரே நேரில் வந்தார். கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். "தண்ணி சுத்தமாத்தான் இருக்கு. பாலை விசாரிங்க" என்றார். பரிசோதனைக்கு ஒரு புட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் பதில் வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்றார்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கு உயிர் வந்தது. போன கோடையில்தான் கிணற்றைத் தூர்வாரினேன், இதைவிட நல்ல தண்ணீர் ஊரில் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் பாலை விசாரித்தார். பால்காரர் ஒருவரே, எல்லா வீட்டுக்கும் ஒரே பால். பிறகு ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலையில நீங்க எத்தனை மணிக்குத் தண்ணி எடுப்பீங்க?"

என் முறை வந்தது. ஏழரைக்கு முன்னால் நான் கண் விழித்ததாகச் சரித்திரம் இல்லை என்றேன். "அதான் நல்லா இருக்கீங்க" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டைக் காட்டினார். காய்ச்சல் கண்ட வீடுகள் மூன்றும் விடியற்காலையில் முதல் ஆளாகக் கிணற்றுக்கு வருகிறவர்களுடைய வீடுகள்.

"ராத்திரி முழுக்க எதுவோ கசிஞ்சு ஊறி நிக்குது. முதல் நாலு வாளியில அது வந்துடுது. அப்புறம் எடுக்கிறவங்களுக்கு நல்ல தண்ணி."

இதைக் கேட்டுக்கொண்டு தையல்காரர் மனைவி தன் கதவோரம் நின்றிருந்தாள். முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் ராட்டினத்தைச் சத்தப்படுத்துகிறவள் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "அப்ப நான் சீக்கிரம் எழுந்ததாலதான் எம்பொண்ணு படுத்துட்டாளா சார்?" என்றாள். அந்தக் குரலை எந்தக் குறியிட்டு அச்சில் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்க எழுந்தது தப்பில்லம்மா. எங்கயோ ஒரு குழாய் உடைஞ்சிருக்கு. தப்பு அங்க இருக்கு. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது என் வேலை, நீங்க குழந்தையைப் பாருங்க" என்றார் அவர்.

கழிப்பறைக் குழாய் மண்ணுக்குள் உடைந்து கிணற்றுக்குள் கசிகிறது என்பது அவருடைய சந்தேகம். சந்தேகத்தை வைத்துக் கிணற்றை மூட முடியாது. மறுநாள் மாலை, பொழுது சாய்கிற நேரத்தில், மருந்துக் கடையிலிருந்து புதினாத் தைலம் ஒரு புட்டி வாங்கி வந்தார். நான்கு கழிப்பறைகளிலும் அதை ஊற்றி மேலே வெந்நீர் விட்டார். "காலையில நான் வர்ற வரைக்கும் யாரும் வாளி இறக்கக்கூடாது. கிணத்துல புதினா வாசம் வந்தா, கக்கூஸ் தண்ணி கிணத்துக்கு வருதுன்னு அர்த்தம்" என்றார். அன்று சாயங்காலம் எங்கள் கழிப்பறை வரிசை மிட்டாய்க் கடை போல மணத்தது.

விடிந்தபோது பதினொரு குடித்தனமும் முற்றத்தில் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரரும் வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் குளித்து, வேறு உடை மாற்றி, தலை ஈரம்கூடக் காயாமல் வந்தார். தையல்காரர் மனைவிதான் வாளியை இறக்கினாள். வாளி மேலே வந்ததும் சொந்தக்காரர் அதை வாங்கி நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தார்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நீங்க சர்க்கார் ஆளு. நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க. வாசம் வருதுன்னு உங்க வாயால சொல்லுங்க, இந்த நிமிஷமே மூடிடறேன்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். வாளிக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் மூச்சை இழுப்பது கேட்டது. ஒரு முறை, இன்னொரு முறை. காது மடல் சிவந்துகொண்டே வந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மையாகவும் இருக்கலாம், யாரும் அவரைக் கேள்வி கேட்கப் போவதில்லை. அவர் நிமிர்ந்தார்.

"எனக்கு வாசனை தெரியாதுங்க."

"என்னது?"

"பதினொரு வருஷமா தெரியாது. ஒரு காய்ச்சல்ல போனது திரும்பி வரல. ஆபீசுக்குக்கூடச் சொல்லல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சொந்தக்காரர் வாய்விட்டே சிரித்தார். "மூக்கில்லாத இன்ஸ்பெக்டரை வெச்சுத்தானா எங்க கிணத்தை மூடப் பாக்கறாங்க? நல்ல கூத்துய்யா!"

இன்ஸ்பெக்டர் வாளியை விட்டு விலகி, முற்றத்தைக் கடந்து, எதிர்ச்சுவர் வரைக்கும் நடந்து போய் அங்கே நின்றுகொண்டார். "என் வீட்டுக்காரி தலையிலேர்ந்து கால் வரைக்கும் மோந்து பாத்துத்தான் அனுப்பினா. அப்படியும் எம்மேல தைலம் ஒட்டியிருந்தா எனக்குத் தெரியாது. அதனால நான் இங்க நிக்கறேன். நீங்க பாருங்கம்மா" என்றார் தையல்காரர் மனைவியிடம்.

அவள் மண்டியிட்டு முகர்ந்தாள். நிமிராமல் அப்படியே இருந்தாள். பிறகு முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டு, "புதினா" என்றாள். மூன்றாம் வீட்டுக்காரி முகர்ந்தாள். நான் முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. முந்தின நாள் மாலை கழிப்பறை வரிசையில் வீசிய அதே மணம், குளிர்ந்து, மெலிந்து, குடிதண்ணீரில். தச்சர் வந்து குனிந்தார். நிமிர்ந்ததும் தம் வீட்டுக்குள் போய்விட்டார். கடைசியில் சொந்தக்காரரும் குனிந்தார். அவர் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை, கிணற்றுத் திட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நானும் இந்தத் தண்ணியைத்தானே வீட்டுக்குக் கொண்டு போனேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் எதிர்ச்சுவரிலிருந்து வந்து, ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவினார். அன்று மதியத்துக்குள் பலகை அடித்துக் கிணறு மூடப்பட்டது. தண்ணீர் வண்டி வந்தது. முற்றத்தைத் தோண்டியபோது, கிணற்றுச் சுவரிலிருந்து ஒரு முழத் தூரத்தில் கழிப்பறைக் குழாய் விரலளவு வாய் பிளந்து கிடந்தது. மூன்று மாதத்தில் நகராட்சிக் குழாய் முற்றத்துக்குள் வந்தது. அதற்குச் சொந்தக்காரரே நாலு தடவை ஆபீசுக்கு நடந்தார்.

தையல்காரர் மகள் பிழைத்துக்கொண்டாள். முடியெல்லாம் கொட்டி, குச்சியாகி, ஐந்தாவது வாரத்தில் எழுந்து உட்கார்ந்து முதல் வேலையாகத் தம்பியோடு சண்டை போட்டாள். அவள் அம்மா அந்தச் சண்டையை விலக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

கிணறு மூடிய அன்றே இன்ஸ்பெக்டர் டாக்டருக்குக் கடிதம் எழுதினார். வாசனை தெரியாது, பதினொரு வருஷமாக மறைத்துவிட்டேன், தாங்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன் என்று. எழுதச் சொன்னதே மனைவிதானாம். பின்னால் அந்த அம்மாளே என்னிடம் சொன்னார். "வேலை போனா போகட்டும்னு சொன்னேன். பதினொரு வருஷமா பாலை மோந்து, சட்டையை மோந்து, இவரை மோந்து, என் மூக்கே தேஞ்சு போச்சுங்க."

டாக்டர் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டார். ஒரு மாதம் பேச்சே இல்லை. இவர் தினமும் சைக்கிளை எடுக்கும்போது இதுதான் கடைசி நாளோ என்று நினைத்துக்கொண்டு கிளம்புவாராம். பிறகு ஒருநாள் டாக்டர் கூப்பிட்டு, கடிதத்தைத் திருப்பிக் கையில் கொடுத்தார். "அன்னிக்குத் தண்ணியை நானும்தான்யா மோந்து பாத்தேன். போய் வேலையைப் பாருங்க."

இந்த விவரமெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளத்தான் போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, ஒரு தடுப்பு, அதற்கப்பால் அடுப்பு. தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு இரண்டு கதவு. வெயிலுக்காக ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் ஜன்னலடியில் உட்கார்ந்து அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மறந்து வந்தவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது போல, நடுநடுவே தாமாகவே ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார். "மாடியில காப்பிக்கொட்டை வறுக்கறாங்க." "யாரோ ஜன்னலுக்கு வர்ணம் அடிக்கறாங்க." இவர் ஒவ்வொன்றுக்கும், "அப்படியா?" என்பார். வெறும் தலையாட்டல் இல்லை. உண்மையாகவே கேட்பார். "கருக விட்டுட்டாங்களா, பதமா?" என்று ஒரு கேள்வியும் கேட்பார்.

"வாசனையே தெரியாதவருக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்று நான் கேட்டேன்.

"தெரியாதுன்னுதானே சொல்றேன்" என்றார் அந்த அம்மாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

நாலு மணி இருக்கும். எதிர்வரிசையில் ரொட்டிக் கடையின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. அந்த அம்மாள் ஊசியை நிறுத்தினார். கண்ணை மூடி, முகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

"அடுப்பைத் திறந்துட்டான். இன்னிக்குச் சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கான் போலிருக்கு."

இன்ஸ்பெக்டர் என்னோடு பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். மனைவியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சாத்தியிருந்த கதவையும் தள்ளித் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் கொக்கியை மாட்டினார்.