தேக்கு நிற அண்ணனும் திருச்சி வெயிலும்

ஊரே வெள்ளையாக க்ரீம் தேடும்போது, கறுப்பாவதற்குக் காசு கொடுத்த ஒரே ஆள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். என் அண்ணன் செல்வா. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, திருச்சி தில்லை நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆணழகன் போட்டி. அவனுக்கு அதுதான் முதல் மேடை. எட்டு மாதமாகப் பிரியாணிக் கடைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்து வளர்த்த உடம்பு! பிளஸ் ஒன் லீவில் சும்மா இருந்த தங்கச்சி நான், போட்டோகிராஃபர் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டேன். கூடவே காவிரியையும் ஸ்ரீரங்கத்தையும் பார்த்துவிடலாமே.

வெள்ளி மதியம் மணப்பாறையில் பஸ் ஏறினோம். 38 கி.மீ., ஒரு மணி நேரம். மாலை அங்கே ஒரு ஜிம்மின் பின்னறையில் அண்ணனுக்கு ஸ்பிரே டேன் அடித்தார்கள். மேடை விளக்கில் சதை வரிகள் எடுப்பாகத் தெரிய உடம்பு தேக்கு நிறத்தில் இருக்க வேண்டுமாம். பைக்குக்குப் பெயின்ட் அடிக்கிற துப்பாக்கி மாதிரி ஒன்று, இரண்டு கோட்டிங். காலையில் லாட்ஜ் பெட்ஷீட்டில் அண்ணனின் ஜெராக்ஸ் படுத்திருந்தது.

"சன்ஸ்கிரீன் பூசினா கலர் திட்டுத்திட்டா ஆயிடும், பூசாத. வெயில் படாம நிழல்லயே இரு" என்று ஜிம் மாஸ்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். அண்ணன் முதல் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டான்.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆகவே ஆணழகன் மட்டும் காசு கொடுத்தான். ராஜகோபுரத்தை நிமிர்ந்து பார்த்ததில் என் கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஆனால் அந்த வண்ணங்களுக்கு ஒரு சுளுக்கு தாராளமாகக் கொடுக்கலாம்! சேவித்துவிட்டு வர இரண்டு மணி நேரம். அங்கிருந்து காவிரிப் படித்துறையான அம்மா மண்டபம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். சீட்டில் துண்டை விரித்து உட்கார்ந்த அண்ணனை டிரைவர் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார்.

"என்ன தம்பி, வெல்லப்பாகுல விழுந்துட்டீங்களா?"

"சிலைங்கண்ணே. இன்னும் காயல. மெதுவா ஓட்டுங்க" என்றேன்.

"வாலு, வாயை மூடு" என்றது சிலை.

படித்துறையில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையில்லாத பனியனோடு நின்றான். மணி பதினொன்று. கல் தோசைக்கல்லாகக் காய்ந்தது.

"நிழலுக்கு வாடா அண்ணா."

"நீ கிரவுண்ட்ல ஓடி ஓடி ரெண்டு வருஷத்துல கறுத்த. நான் ஒரே நாள்ல உன்னைவிடக் கறுத்துட்டேன். இனிமே வெயில் என்னை என்ன பண்ணும்? போட்டோ எடு."

எடுத்தேன். ஒரு மணி வரை எடுத்தேன். காவிரி, படிக்கட்டு, பைசெப்ஸ். படங்கள் அபாரம்!

மூன்று மணிக்கு லாட்ஜில் வழக்கம்போல் முதுகில் ஒரு தட்டு தட்டினேன். பனியன் பட்டை மறைத்திருந்த இடம், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு விரல் தள்ளித் தட்டினேன். "ஐயோ!" மறுபடி பட்டை, அமைதி. மறுபடி தோள், அலறல். சாயத்துக்கு அடியில் தோல் வெந்திருந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன், பாதியில் நின்றுவிட்டது. கை தூக்காமல் என்ன ஆணழகன்? அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றது.

தில்லை நகரில் கிளினிக்குக்கா பஞ்சம்? தோல் டாக்டரம்மா தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, வேட்டியைக் காவியில முக்கினா அது குடையாயிடுமா?" ஸ்பிரே மேல்தோலின் செத்த செல்களுக்குச் சாயம் ஏற்றுகிறது, அவ்வளவுதான், வெயிலைத் தடுக்க அதை நம்பவே முடியாது என்றார்.

"அப்ப என்னோடது ஒரிஜினல், இல்லீங்களா டாக்டர்?" என்று காலரைத் தூக்கினேன்.

"ஒரிஜினல்தான். வெயில் அடிச்ச அடிக்குத் தோல் தானா நிறமியைக் கூட்டிக்கிச்சு. அது கொஞ்சூண்டு தடுக்கும். ஆனா அடி வாங்கினதுக்கு அப்புறம் போட்ட ஹெல்மெட்டும்மா அது. நீயும் சன்ஸ்கிரீன் போடணும்." காலர் இறங்கியது.

எரிச்சல் அடங்க ஈரத்துணி வைக்கச் சொன்னார். வைத்தால் சாயம் போகும். வைக்காவிட்டால் கை தூக்க முடியாது. அண்ணன் துணியை என்னிடம் நீட்டினான். "வை" என்றான். துணி கலைத்த இடங்களில் மாஸ்டர் ஐந்தரை மணிக்கு ஸ்பாஞ்சால் மறுபடி சாயம் ஒற்றினார். அண்ணன் துண்டைக் கடித்துக்கொண்டான்.

மேடைக்குப் போகும் முன் ஒரு விளம்பர இடைவேளை, இதே வழியில் வருகிறவர்களுக்காக. ஸ்ரீரங்கத்தைக் காலை பத்துக்குள் முடியுங்கள், காவிரிக்கு நாலரைக்கு மேல் வாருங்கள். ஸ்பிரே டேனோ சொந்த டேனோ, எஸ்.பி.எஃப். முப்பதுக்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள். மேடைக்காகப் பூச முடியாதவர்கள் தொளதொள முழுக்கைச் சட்டை, குடை, நிழல் என்று இருங்கள்.

சரி, மேடை. பெயரைக் கூப்பிட்டதும் அண்ணன் போய் நின்றான். முதுகைக் காட்டி இரண்டு கைகளையும் தூக்க வேண்டிய கட்டம். தூக்கினான், முழுசாக! நடுங்கிய நடுக்கத்தில் இல்லாத வரிகள்கூட முதுகில் தெரிந்தன. மூன்றாம் பரிசு! நான் கத்திய கத்தலில் பக்கத்து நாற்காலி மாமா இடம் மாறி உட்கார்ந்தார்.

சிறப்பு விருந்தினர் கனத்த ஜரிகைப் பொன்னாடையை அண்ணனின் வெந்த தோள்களில் இறுக்கிப் போர்த்தி, பாசத்தோடு இரண்டு தட்டும் தட்டினார். அண்ணன் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது.

"பாருங்க, தம்பி ஆனந்தக் கண்ணீர் விடுறாரு!" என்று மைக் உருகியது. மண்டபமே எழுந்து கைதட்ட, விருந்தினரும் நெகிழ்ந்துபோய் அவனை இறுகக் கட்டிப்பிடித்தார்.