திரையில் தங்கிய வரி

கோமளம் பங்குனியில் இறந்துபோனாள். அதன் பிறகு அந்தக் கம்ப்யூட்டரை யாரும் போடவில்லை. மயிலாப்பூர் வீட்டின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில் அது கிடந்தது.

அவள் அதில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பத்திரிகை முடிந்ததும் பெயர்களை அழித்துவிட்டு, மேல் வரியை மட்டும் வைத்துக்கொள்வாள். ‘நிகழும் மங்களகரமான’. அடுத்த ஆள் வரும்வரை கறுப்புத் திரையில் அந்த வரி வெள்ளையாக நிற்கும். சமைக்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அணைக்க மாட்டாள். கரண்ட் போய் வந்தாலும் முதலில் அந்த வரியே வரும்படி வைத்திருந்தாள்.

நின்று நின்று, வரி கண்ணாடியின் உட்பூச்சில் எரிந்து தங்கிவிட்டது. அணைந்த திரையிலும், மதிய வெளிச்சம் சாய்வாக விழுந்தால், அது பழுப்பாகத் தெரியும். அவள் கணவர் அனந்தராமன் தினமும் போய்ப் படித்துவிட்டு வருவார்.

அவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இறப்பு கிளெய்ம்களைப் பார்த்து ஓய்வு பெற்றவர். செத்தது உண்மைதானா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது வேலை. வீட்டில் மிக்ஸியோ அயர்ன் பாக்ஸோ கெட்டால் திருப்புளியோடு உட்கார்ந்துவிடுவார். “நீங்க கை வெச்சப்பறம் கடைக்காரன்கூடத் தொட மாட்டேங்கறான்” என்பாள் கோமளம்.

ஐப்பசியில், கே.கே. நகரிலிருந்து மகள் ஸ்ரீரஞ்சனி வந்தாள். பழைய மானிட்டரை எடுத்துக்கொண்டு கலர் மானிட்டர் தரும் இடம் ஒன்றை அவள் கணவன் பார்த்து வைத்திருந்தான். இது நன்றாகத்தானே ஓடுகிறது என்றார் அனந்தராமன். காட்டுவதற்காகப் போட்டார். திரையின் நடுவில், குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு வந்தது. வேறொன்றும் இல்லை.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாச்சுன்னா இருக்கட்டும்ப்பா. இல்லேன்னா அவர் வந்து எடுத்துண்டு போயிடுவார்.”

பழுப்பு வரியைப் பற்றி அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கச்சேரி ரோட்டில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷரஃபுதீனைக் கேட்டார். டியூப் தேய்ந்திருக்கும், திரைக் கண்ணாடியோடு மாற்றிவிடலாம், புதிது மாதிரி ஆகிவிடும் என்றார் ஷரஃபுதீன். டியூபைத் தொடக் கூடாது என்று அனந்தராமன் சொன்ன வேகத்தில் கடையிலிருந்த இன்னொருவர் திரும்பிப் பார்த்தார். அப்படியானால் படத்தை மேலும் கீழும் விரிக்கிற இடத்தில் ஈயப் பற்று விட்டிருக்கும், அங்கே பாருங்கள் என்றார் ஷரஃபுதீன். வெளிச்சத்தைக் குறைத்து வைக்கச் சொன்னார். ஒரே இடத்தில் நின்றால் கோடும் தழும்பாகிவிடுமாம்.

“இன்னொண்ணு சார். பிளக்கைப் புடுங்கிட்டோம், செத்துப்போச்சுன்னு நெனச்சிக்காதீங்க. உள்ள கரண்ட் நின்னுகினுதான் கீது.”

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரஞ்சனி காலையிலேயே வந்து சமையலறைக்குள் போனாள். அவள் கணவன் ஆட்டோவோடு பின்னால் வருவதாக ஏற்பாடு. அனந்தராமன் பின்மூடியைக் கழற்றினார். ஷரஃபுதீன் சொல்லித் தந்தபடி திருப்புளியில் ஒயரைக் கட்டி, டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தார். டப் என்றது. பிளக்கைப் பிடுங்கி இரண்டு நாளாகியிருந்தது.

காற்றுத் துளைகளுக்கு நேர் கீழே, பலகையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. பசை என்றுதான் நினைத்தார். நகம் பட்டதும் உதிர்ந்தது. சந்தனம்.

ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் கோமளம் மானிட்டர் தலையில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். தண்ணீராகக் கரைத்திருப்பாள். வேண்டாம் என்றால், சோறு போடுகிறதற்கு வைக்காமல் யாருக்கு வைப்பது என்பாள். அது துளை வழியாக இறங்கி, பற்றுகளை அரித்துப் பச்சை பூக்க வைத்திருந்தது. அவள் கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் அது கெட்டிருந்தது.

சுரண்டினால்தான் ஈயம் பிடிக்கும். பிளேடை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். சந்தனத்தின் மேலேயே சால்டரிங் அயர்னை வைத்துப் பார்த்தார். ஈயம் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. மெல்லிய புகை எழுந்து அறையைத் தாண்டிப் போயிற்று.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“அப்பா, யாரு சந்தனம் அரைக்கறா?”

துக்க வருஷம், அந்த வீட்டில் இந்த வருஷம் பூஜை கிடையாது. ஸ்ரீரஞ்சனி நிலைப்படி வரை வந்து, உள்ளே வராமல் நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பிளேடை எடுத்து எல்லாவற்றையும் சுரண்டினார். பிறகு ஈயம் பிடித்தது.

போட்டதும் கோடு நடுங்கி, மேலும் கீழும் விரிந்தது. கோமளத்தின் வரி வெள்ளையாக வந்தது. ஆனால் உள்ளே கை பட்டதில் படம் இறங்கியிருந்தது. பழுப்பு வரிக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது வெள்ளை வரி. ஸ்ரீரஞ்சனி கிட்டே வந்து குனிந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் படித்தாள்.

“மேல இருக்கறது அம்மாவோடதா?”

தலையாட்டினார். பின்பக்கம் போய், படத்தை ஏற்றி இறக்கும் சின்னத் திருகைத் திருப்பினார். அவள் முன்னால் நின்று, இன்னும் மேலே, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளை எழுத்து ஏறி, பழுப்பு எழுத்தின் மேல் சரியாக உட்கார்ந்தது.

“அப்பா, அம்மாது காணல.”

அவர் திருகைப் பழையபடி திருப்பினார். வெள்ளை கீழே இறங்கியது. மேலே பழுப்பு வெளியே வந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. திருப்பி அனுப்ப அவள்தான் போனாள். அனந்தராமன் மூடியைப் பொருத்தினார். சுவிட்ச் வரை போன கையை எடுத்துக்கொண்டு, திரையை அணைக்காமல் சாப்பிடப் போனார்.