கடைசி நான்கு எண்கள்

என் மேசையில் ஒரு தோலின் எண்ணைத் தேடினால் கண் இமைப்பதற்குள் விடை வந்தது. கீழே தோலைத் தரம் பிரிக்கும் கூடத்தில் அதே தேடலுக்கு நாற்பது வினாடி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று வாரமாக இந்த ஒன்றுதான் என்னைத் தின்றது.

எந்தத் தோல் எந்த ஆர்டருக்கு என்று சொல்லும் டேட்டாபேஸ் அது. பழைய ரிஜிஸ்டரை ஒழிக்க நான் கட்டியது. சர்வருக்கு மெமரி கூட்டினேன். தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் தோல் எண்ணுக்கு இருக்கிறதா என்று பத்துத் தடவை பார்த்தேன், இருந்தது. கேபிளைக்கூட மாற்றவைத்தேன். நாற்பது அசையவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்மா. இல்லன்னா ஸ்க்ரீனைத் தூக்கிட்டு ரிஜிஸ்டரையே வெச்சுக்கலாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பிய நேரத்தில், எரிச்சலோடு படியிறங்கினேன். கூடத்துச் சூப்பர்வைசர் பாய் என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்தார்.

"வாம்மா. உன் மிஷின் தேடி முடிக்கறதுக்குள்ள நான் டீயே குடிச்சுட்டு வந்துட்றேன். பேஜாரா கீது."

"எனக்கு உடனே வருது பாய். நீங்க இன்னா அடிக்கிறீங்க, காட்டுங்க."

தோலின் மூலையைத் திருப்பினார். எண் குத்திய இடம். ஓரம் வெட்டியதில் முன்பாதி போய், கடைசி நான்கு எண்கள்தான் மிச்சம். அதை மட்டும் அடித்தார்.

"முழு நம்பர் எங்க பாய்?"

"எந்தத் தோல்ல கீது முழு நம்பர்? மேலயே உக்காந்துக்கினு இருந்தா உனக்கு எப்படித் தெரியும்?"

துண்டு எண் கொடுத்தாலும் தேடட்டும் என்று எழுதியவளே நான்தான். ஆனால் இண்டெக்ஸ் முதல் எண்ணிலிருந்து அடுக்கப்பட்டது. கடைசி நான்கை மட்டும் கொடுப்பது, அகராதியில் கடைசி எழுத்தை வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுவது மாதிரி. சர்வர் மொத்தத்தையும் புரட்டியாக வேண்டும். நானோ ஒவ்வொரு சோதனையிலும் முழு எண்ணையே அடித்திருக்கிறேன். முப்பது படி. ஒரே ஒருமுறை இறங்கியிருக்கலாம்.

கடைசி நான்கு எண்களைத் தனி நெடுவரிசையாக்கி, அதற்கு ஓர் இண்டெக்ஸ் போட அரை மணிநேரம்கூட ஆகவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

சனிக்கிழமை காலை, மேனேஜர் பின்னால் நிற்க, பாய் எண்ணை அடித்துவிட்டு வழக்கம்போல் டீக்குக் கிளம்பினார்.

"பாய், வந்துருச்சு."

திரும்பிப் பார்த்தார். "அது தேடவே இல்லியேம்மா?" வேறொரு தோலை எடுத்து அடித்தார். அதுவும் வந்தது. மேனேஜர் ரிஜிஸ்டரை எடுத்து அலமாரியில் போட்டார்.

பாய் மூன்றாவது தோலையும் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்போ மூணு வாரமா மேல இன்னாதான் பண்ணிக்கினு இருந்தே?"