பத்தடி அகலப் படம்

கருவாட்டு உப்பின் நெடியும் சூடேறிய தூசியின் வாசனையும் சேர்ந்து மூக்கை எரித்ததுதான் அந்தப் பெட்டியைப் பற்றிய என் முதல் ஞாபகம். அரபு நாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த சித்தப்பா கொண்டுவந்த புரொஜெக்டர் அது. நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அந்தக் கறுப்புப் பெட்டியின் முகத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண்கள் இருந்தன. ஊரில் தொலைக்காட்சியே அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தபடியால், எங்கள் அன்புவழிபுரத்துச் சனம் அதை ஏதோ மிருகத்தைப் பார்ப்பதுபோல வந்து வந்து பார்த்துப் போனது.

துறைமுகப் பக்கம் எங்கள் அப்பப்பா விட்டுப்போன, கருவாட்டுச் சாக்குகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்று இருந்தது. அப்பப்பா செத்த கையோடு என் அப்பாவும் சித்தப்பாவும் அதற்காக முற்றத்தில் கட்டிப் புரண்டார்கள். அப்பா அன்று சித்தப்பாவின் முன்பல்லை உடைத்தார். அடுத்த கிழமை கிட்டங்கியின் நடுவே ஒரு செங்கல் சுவர் எழும்பியது. ஒரு பாதியில் அப்பாவின் கருவாட்டுச் சாக்குகளும் தராசும். மறுபாதி, சித்தப்பா வெளிநாடு போனபின், எலிகளுக்கு விடப்பட்டது.

அப்பாவுக்குக் கை சும்மா இராது. இறக்கக்கண்டியிலிருந்து மீன் பிந்தி வந்தாலும் அடி, மழைக்குக் கருவாடு நனைந்தாலும் அடி. அடி விழுவது பெரும்பாலும் அம்மாவுக்கு. பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "புருசன் பெண்சாதிக்குள்ள நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார்கள்.

சித்தப்பா தன் பாதியைத் துப்புரவாக்கி, சுவரில் வெள்ளை அடித்து, "பத்தடி அகலத்தில் கலர்ப் படம்" என்று கடைத்தெரு முழுக்க மட்டை எழுதித் தொங்கவிட்டார். அதன் பிறகுதான் பெட்டியை வைத்துப் பார்த்தார். படத்தின் அகலம் எவ்வளவோ, அதைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் பெட்டி நிற்க வேண்டும். முன்னுக்குத் தள்ளினால் படம் சிறுக்கும், பின்னுக்கு இழுத்தால் பெருக்கும். ஒவ்வொரு தடவை அசைக்கும்போதும் மூன்று கண்களும் சரிபார்ப்பதற்காகப் போடுகிற நிறச் சிலுவைகள் சுவரில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடும், அவற்றைத் திருகித் திருகி ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படுக்கவைக்க ஒரு பகல் பொழுது போய்விடும். பத்தடி அகலத்துக்குப் பதினைந்தடி தூரம் வேண்டும். பிரிசுவரோடு ஒட்டி வைத்தாலும் பத்தடிக்குமேல் தூரம் கிடைக்கவில்லை. படமும் ஆறரை அடியோடு நின்றுவிட்டது. மிச்சத் தூரம் அப்பாவின் பாதிக்குள் கிடந்தது.

சித்தப்பா வந்து பணிவாகத்தான் கேட்டார். "அண்ணை, சுவரில ஒரு சன்னல் அளவு ஓட்டை, உங்கட பக்கம் ஒரு மேசை வைக்க இடம். வேற ஒண்டும் வேண்டாம்."

 கடைத்தெருவே பார்த்திருக்க அப்பா சித்தப்பாவின் கன்னத்தில் அறைந்தார். "என்ர பக்கத்தில ஒரு சாணும் உனக்கில்லை" என்றது அதற்குப் பிறகு.

முதல் காட்சிக்கு வந்த சனம் ஆறரை அடிப் படத்தைக் கண்டு கூவியது. யாரோ கல்லெறிந்தார்கள். சித்தப்பாவின் புருவம் வெடித்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அதே கிழமையில்தான், வெளியே காயப்போட்டிருந்த பாரைக் கருவாட்டை மழை பிடித்துக்கொண்டதென்று, அப்பா அகப்பையால் அடித்ததில் அம்மாவின் ஒரு கண் மூடிப்போயிருந்தது.

அப்பா தோப்பூர்ச் சந்தைக்கென்று மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறிப்போன காலை, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போய், அப்பாவின் பாதிக்குரிய பூட்டின் திறப்பைச் சித்தப்பாவின் கையில் வைத்தார்.

"அவர் சனிக்கிழமைதான் வருவார். சுவரை உடையுங்கோ. பிறகு நான் கதைக்கிறன்."

"மச்சாள், அண்ணை உங்களைக் கொல்லுவார்."

"இப்ப கொல்லாமலா இருக்கிறார்?" என்றார் அம்மா.

சித்தப்பா அலவாங்கால், ஆள் உயர இரும்புக் கம்பி அது, சுவரில் சதுரமாய் ஒரு ஓட்டை உடைத்தார். சாக்குகளை ஒதுக்கி மேசை போட்டு, பெட்டியை ஏற்றி, வெள்ளைச் சுவரில் பத்தடியை அளந்து கரிக்கோடு கிழித்து, சிலுவைகள் பொருந்தும்வரை திருகினார். சாக்குத் துணியால் சன்னல்களை மூடி அடுத்த நாள் பின்னேரமே காட்சி வைத்தார். இந்த முறை கூவல் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு சனம் பாயில் இருந்தது. நானும் அம்மாவும் பெட்டிக்குப் பின்னால் சாக்குகளின்மேல் இருந்து, அந்த ஓட்டை வழியாகப் பார்த்தோம். வீங்கிய கண்ணைச் சேலைத் தலைப்பால் மறைத்தபடி அம்மா சிரித்ததைக் கண்டேன்.

படத்தில் சண்டைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் பக்கத்துக் கதவு திறந்தது. வெயில் உள்ளே பாய்ந்து படம் வெளிறியது. தோப்பூரில் அன்று மழைக்குச் சந்தை கூடவில்லையாம். அப்பா அடுத்த லோஞ்சிலேயே திரும்பிவிட்டார்.

 அவர் பெட்டியடியில் நின்ற சித்தப்பாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்து, உடைந்த சுவரின் செங்கல் விளிம்பில் முகத்தை மோதினார். பிறகு மல்லாத்தி, ஓட்டைக்குள் தலை தொங்கும்படி அழுத்தி, இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தார். பெட்டியின் வெளிச்சத்துக்கு நேர்முன்னே அவர்கள் கிடந்ததால், அவர்களின் நிழல் சுவரில் மூன்றாகப் பிரிந்து, மஞ்சளாய், கத்தரிப்பூ நிறமாய், வான்நீலமாய், மூன்று அப்பாக்கள் மூன்று சித்தப்பாக்களைக் கொல்வதுபோல் தெரிந்தது. அந்தப் பக்கத்துச் சனம் குழறிக்கொண்டு கதவை நோக்கி ஓடியது.

"விடுங்கோ, விடுங்கோ" என்று இழுத்த அம்மாவை அப்பா வயிற்றில் உதைத்தார். நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். வாய்க்குள் உப்பும் இரத்தமும் வந்தது. அவர் என்னை உதறியதில் தராசுத் தட்டில் போய் விழுந்தேன். அடித்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் கால்கள் மெல்ல மெல்ல ஓய்வதைக் கண்டேன்.

செங்கல் குவியலில் சாத்தியிருந்த அலவாங்கை அம்மா எடுத்தது எனக்குத் தெரியாது. அடி விழுந்தபோதுதான் கண்டேன். அப்பாவின் வலது கை, முழங்கைக்கு மேலே, காய்ந்த தென்னைமட்டை முறிவதுபோல ஒரு சத்தத்தோடு மடிந்தது. அப்பா நிலத்தில் குந்தி, தன் கையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற திகைப்புத்தான் இருந்தது. அம்மா அலவாங்கை மறுபடி ஓங்கினார்.

"இனிமேல் என்னிலயோ பிள்ளையிலயோ கை வைச்சா மற்றக் கையும் போகும்."

அவர்களுக்குப் பின்னால் படம் பத்தடி அகலத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

மூச்சு வந்ததும் எழும்பிய சித்தப்பாதான், இரத்தம் வடிகிற முகத்தோடு, தன்னைக் கொல்ல வந்தவரைத் தோளில் தாங்கி ஒரு வாடகைக் காரில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார். டொக்டர் கேட்டபோது, "சுவர் இடிஞ்சு விழுந்தது" என்று அப்பாவே சொன்னாராம். பெண்சாதி அடித்ததாய்ச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

எலும்பு கோணலாய்ப் பொருந்தியது. அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்க அவருக்குப் பிறகு ஏலவேயில்லை. இடது கை நன்றாகத்தான் இருந்தது. அதையும் அவர் எங்கள்மேல் ஓங்கவில்லை. வீட்டில் அடி நின்றது எனக்குச் சந்தோசம்தான் என்றாலும், ஒரு மழைக்காலம் முழுக்க நான் அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் பயந்தேன். அவர் குசினியில் கத்தியை எடுத்தாலே என் தோள் குறுகும். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பெட்டி அப்பாவின் பாதியிலேயே நின்றது. எடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. சனம் தொடர்ந்து வந்தது. சித்தப்பாவுக்குக் குரல் மட்டும் திரும்பவில்லை. கடைசிவரை கரகரத்த மூச்சாகத்தான் கதைத்தார். ஒருநாள் பெட்டியின் சிவப்புக் கண் அணைந்து, படத்து மனிதர்கள் எல்லாரும் பச்சை பிடித்தவர்களாய்த் தெரியத் தொடங்க, அதைத் திருத்த ஆளில்லாமல் சித்தப்பா மறுபடி வெளிநாடு போனார். பிறகு வந்த கலவரத்தில் கிட்டங்கி எரிந்தது.

போன வருடம் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியின் கார்த் தரிப்பிடம் இருக்கிறது. பிரிசுவர் எந்த இடத்தில் நின்றது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை, புருவம் உடைய அன்று கல்லெறிந்தவர் யாரென்று சொல்லக்கூடியவர்களும் இல்லை.

அம்மா இருக்கிறார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, இத்தனை காலமும் கேட்காததைக் கேட்டேன்: அலவாங்கைத் தூக்க முதல் என்ன யோசித்தீர்கள் என்று.

காது கொஞ்சம் மந்தம் என்பதால் இரண்டாம் தரம் கேட்க வேண்டியிருந்தது.

"யோசிச்சிருந்தா ஏலாமல் போயிருக்கும், பிள்ளை" என்றார்.